படிக்கல்

கோவிந்தாபுரம் சோதனைச் சாவடியில்
ஐஸ் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள்.
மீனா, கள்ளா என்று மலையாளத்தில் கேட்டார் தொப்பிக்காரர்.
ரத்தம் என்றேன்.
கையை உதறிக்கொண்டார்.

நாற்பத்தொரு குழாய்.
நாற்பது, முதலமடைத் தோப்புகளில் மருந்தடிக்கும் ஆட்களுடையது.
மிச்சம் ஒன்று டாக்டர் குருவாத்தாளுடையது.

பெங்களூரில் படிக்கும்போது
பேரைச் சுருக்கிக்கொள்ளச் சொன்னார்களாம்.
கட்டுரையை வேண்டுமானால் சுருக்குகிறேன் என்றாராம்.
பொள்ளாச்சியில் எங்கள் லேப் இரண்டே அறை.
‘மருந்தியல் ஆய்வகம்’ என்று பலகை மாட்டிய வாரம்
கத்திரிப் புழுவுக்கு மருந்து கேட்டு மூன்று பேர் வந்தார்கள்.
டாக்டர் சிரிக்கவில்லை.
"சரியாத்தான் படிச்சிருக்காங்க. ரெண்டுக்கும் ஒரே பேருதானே."

அவர் அப்பன் மருந்தடித்த ஆள்.
மா பூத்த ஒரு மார்கழியில்
வாயில் நுரை, கண்மணி கடுகளவு,
மாட்டுவண்டியில் கிடத்திக் கொண்டுவந்தார்கள்.
அம்பராம்பாளையம் பாலம் தாண்டவில்லை.
வலிப்பு என்று எழுதிக் கொடுத்த சீட்டு
லேப் இழுப்பறையில் இருக்கிறது,
பழைய பிப்பெட்டுகளுக்கு அடியில்.

எனக்கு ஒரே ஒருமுறை விளக்கினார்:
"நரம்பு தசையிடம் சுருங்கு என்கிறது, கிட்டுச்சாமி.
சொன்ன சொல்லை உடனே வெட்டிப்போட ஒரு நொதி இருக்கு.
போதும் என்கிற நொதி.
தோப்பில் அடிக்கிற மருந்து அதன் வாயைப் பொத்திடும்.
அப்புறம் உடம்புக்கு நிறுத்தத் தெரியாது."

நொதி தெம்பாக இருந்தால் குழாயில் மஞ்சள் ஊறும்,
பழுத்த பங்கனப்பள்ளி போல.
அடிபட்டிருந்தால் கழுநீராய் நிற்கும்.
ஒப்பிட ஒரு நல்ல ரத்தம் வேண்டுமே;
அவரே கையை நீட்டினார்.
பதினோரு மாதம்
அவர் ரத்தம்தான் எங்களுக்குப் படிக்கல்.
அதை வைத்துக் கட்டுரை எழுதினோம், அச்சும் ஆனது.

அப்புறம்தான் பாம்பனிலிருந்து மெர்சி வந்தாள், ஆராய்ச்சி மாணவி.
முதல் நாள், பழகிப் பார்க்க, தன் விரலையே குத்தினாள்.
அப்படி ஒரு மஞ்சளை நான் பார்த்ததில்லை.
கருவி கெட்டுவிட்டது என்று துடைத்தேன்.
மறுபடி. மறுபடி.
டாக்டர் தன் குழாயை எடுத்து
அவள் குழாயின் பக்கத்தில் வைத்தார்.
ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டும் நின்றன.
அவர் இன்னும் கோவிந்தாபுரத்து வீட்டில்தான் இருந்தார்.
வீட்டுக்குப் பின்சுவர், சுவருக்குப் பின்னால் தோப்பு.

"எத்தனை பேருக்கு வேலைக்குப் போகலாம்னு எழுதினோம்?"
பதினேழு என்றேன்.

கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன் என்று
அன்றைக்கே கடிதம் எழுதினார், என் தப்பு என்று கையெழுத்திட்டு.
பதினேழு வீட்டுக்கும் அவரே நடந்தார்; நான் பெட்டி தூக்கினேன்.
நாராயணனின் வீட்டில் அவர் மனைவி
உள்ளே கூப்பிடவில்லை.
வாசலிலேயே நின்றோம், வெயில் ஏறும்வரை.

பாம்பனில் அறுபது மீனவர்களிடம் புதுப் படிக்கல் எடுத்தோம்.
கரண்ட் வேண்டாம், கருவி வேண்டாம்,
ஒரு துளி, ஒரு தாள், கால் மணி நேரம்:
அந்தத் தாளுக்குத்தான் டெல்லியில் விருது.
மேடையில் நான்கு நிமிடம் பேசினார்.
மூன்று நிமிடம் திரும்பப் பெற்ற கட்டுரையைப் பற்றி.
விருந்தில் அந்த வருஷத்து முதல் மாம்பழம்;
எங்கள் பக்கத்துப் பெட்டி, அட்டையில் ஊர்ப்பேர்.
ஒரு துண்டு தின்றார்.
"ருசிக்கு ஒண்ணும் குறைச்சலில்லை."

பதக்கத்தை லேப் தராசில் நிறுத்தார்.
முப்பத்தெட்டு கிராம், சொச்சம். நோட்டில் குறித்தார்.

போன வாரம் அதே சாவடி.
தொப்பிக்காரர் பெட்டியைத் திறக்கச் சொல்லவில்லை.
ராத்திரி டியூட்டி, மருந்து வாடை, தலை சுற்றுகிறது என்றார்;
ஆள்காட்டி விரலை நீட்டினார்.
குத்தினேன்.
தாளை வண்டிக்கூரையில் வைத்தேன்.
பின்னால் லாரிகள் ஹாரன் அடித்தன.
இருவரும் தாளையே பார்த்துக்கொண்டிருந்தோம்.